கூப்பிடாமல் போகாதே

மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து நாடகக்காரர்களுக்கு அந்த நாட்களில் ஒரு வழக்கம் இருந்தது. சினிமாவிலோ டி.வி. சீரியலிலோ ஒரு வேஷம் வருகிற மாதிரி இருந்தால், முதலில் வேம்புவுக்குப் போன் போட்டு யோசனை கேட்பார்கள். அதற்கப்புறம்தான் பெண்டாட்டியிடமே சொல்வார்கள். வேம்பு நந்தனத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். இருபது வருஷமாகச் சபா நாடகங்களில் நடிக்கிறவன், பத்து வருஷமாகச் சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவன். எந்த மேனேஜர் எப்படிப்பட்டவன், எந்த டைரக்டரின் வாக்கை நம்பலாம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவன் சொன்ன யோசனை எதுவும் சோடை போனதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆபீஸ் வேலையை விடாதே என்பான். மீசையை எடுக்கச் சொன்னால், போன மாசம் மீசையோடு நடித்த படம் முடிந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு எடு என்பான். செத்துப்போகிற வேஷமா, எத்தனாவது ரீலில் சாகிறாய் என்று முதலிலேயே கேட்டுக்கொள். இரண்டாவது ரீலில் செத்தால் மிச்சப் படம் முழுக்க மாலை போட்ட போட்டோவாகத்தான் தொங்குவாய், போட்டோவைப் பார்த்து எவனும் அடுத்த படத்துக்கு எடுக்க மாட்டான் என்பான். ஷூட்டிங்கில் முதல் நாள் எந்த வரிசையில் சாப்பிட உட்காருகிறாயோ, கடைசி நாள் வரைக்கும் அதுதான் உன் வரிசை, பார்த்து உட்கார் என்பான். இதற்கெல்லாம் மேலே ஒன்று வைத்திருந்தான். கூப்பிடாமல் போகாதே. கம்பெனி வாசலில் தானாகப் போய் நின்ற நடிகனுக்கு அன்றோடு மதிப்புப் போயிற்று என்பான்.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் ஒரு படத்தில்கூட முகம் காட்டவில்லை என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்கிற அவசியமே இல்லாமல் இருந்தது அந்த முகம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதற்கென்றே பிரம்மா பண்ணி அனுப்பின முகம். குரல் மட்டும் வேறு யாருக்கோ பண்ணியதை இவனுக்குள் வைத்து மூடிவிட்ட மாதிரி இருந்தது. திரையில் எத்தனையோ மந்திரிகளும் கமிஷனர்களும் அந்தக் குரலில்தான் அதட்டினார்கள். டைட்டிலில் பேர் வராது. டப்பிங் பேசுகிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு: முகம் யாருடையது என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது, பேசிவிட்டு வந்ததை வெளியே சொல்லிக்கொள்ளவும் கூடாது. வேம்பு இரண்டையும் சுத்தமாகக் கடைப்பிடித்தான். உள்ளே மட்டும் வெந்துகொண்டிருந்தான். சாவதற்குள் ஒரே ஒரு தடவை தன் முகமும் தன் குரலும் சேர்ந்தாற்போல் திரையில் வர வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு அணு கிடையாது.

ரகுபதி அதே ஆபீஸில் அட்டெண்டர், அதே நாடகக் குழுவில் நடிகன், அதே வயசு. சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் சேருகிற இடத்துக் குடியிருப்பில் வீடு. ஆறடி உயரம், எடுப்பான மூக்கு, காதோரத்தில் அளந்து வைத்த மாதிரி நரை. அவன் பைல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், பாலிசி விஷயமாகப் புதிதாக வந்தவர்கள் மேனேஜர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். வாயைத் திறந்து "இன்னா சார் வோணும்" என்று அவன் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். நாடகத்திலும் அதே கதைதான். பதினெட்டு வருஷமாக ரவுடி, ரிக்‌ஷாக்காரன், அடியாள். அவனால் வேறு மாதிரி பேச முடியுமா என்று ஒருத்தரும் சோதித்துப் பார்த்ததில்லை. வேம்புவை அவன் 'ஐயரே' என்றுதான் கூப்பிடுவான், வேம்பு அவனை 'ரகு' என்பான். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், முதல் படம் எடுக்கிற ஒரு டைரக்டர் சபாவில் யாரையோ பார்க்க வந்து, அடியாளாக நின்ற ரகுபதியைப் பார்த்துவிட்டுப் போனான். ஹைகோர்ட் ஜட்ஜ் வேஷம். கடைசிக் காட்சியில் சொந்தப் பிள்ளைக்கே தண்டனை கொடுக்கிற ஜட்ஜ். மூன்றரைப் பக்கம் வசனம். 'இந்த நாற்காலியில் உட்காரும்போது எனக்குப் பிள்ளை கிடையாது' என்று முடியும். நாற்காலியில் உட்காராதபோது பிள்ளையை வளர்த்திருக்கலாமே என்று வேம்பு கிண்டல் பண்ணினான். ரகுபதி சிரிக்கவில்லை. அந்த மூன்றரைப் பக்கத்தையும் தன் வாயால் தான் பேசி, அதை ஊர் கேட்க வேண்டும் என்று அவனுக்கு வெறி பிடித்திருந்தது.

இரண்டு மாசம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ரெகார்டு ரூமில் ஒத்திகை. வேம்பு ஒரு வரி வாசிப்பான், ரகுபதி திருப்பிச் சொல்வான். "இந்த ழவ எங்க வெச்சிக்கினு கீற ஐயரே, நாக்குலயா, தொண்டையிலயா?" என்று கேட்டு வேம்புவின் வாய்க்குள்ளேயே குனிந்து பார்ப்பான். காலையில் கடலோரத்தில் நின்று அலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான் என்று அவன் மனைவி தேவானை சொல்லிச் சிரித்தாள். மீன் வாங்க வந்தவர்கள் பயந்துபோனார்களாம். இரண்டாம் மாசக் கடைசியில் ழ வந்தது, ஷ வந்தது, நிறுத்தி மூச்சு வாங்குகிற இடம் வந்தது. வேம்புவுக்கும் அந்த மூன்றரைப் பக்கம், விருப்பப்பட்டோ படாமலோ, மனப்பாடமாகிவிட்டது.

ஷூட்டிங் அன்று வேம்பு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனான். ரகுபதி கறுப்பு அங்கியில் உட்கார்ந்ததும், செட்டில் பலகை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசி வரிக்கு முன்னால் ரகுபதி ஒரு கணம் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, மேஜையைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். ஒத்திகையில் அது கிடையாது. அது முழுக்க முழுக்க அவனுடையது. வேம்புவின் கண் கலங்கியது. கூடவே பொறாமையும் வந்தது, அதுவும் நிஜம். இந்த மாதிரி ஒரு நாற்காலி எனக்கு ஏன் இல்லை என்று அன்று முழுக்க அவன் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதெல்லாம் செட்டில் பேசுகிற பேச்சு படத்துக்கு வராது. படம் முடிந்தபின் டப்பிங் தியேட்டரில் நின்று, திரையில் அசைகிற உதட்டுக்குத் தகுந்தாற்போல் மறுபடி பேச வேண்டும். நடித்தவனே பேசலாம், வேறு ஒருத்தனைப் பேச வைத்தும் ஒட்டலாம். ரகுபதிக்கு இது தெரியும். டப்பிங் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கேன்டீனுக்கு வந்து வேம்புவின் எதிரில் உட்கார்ந்தான்.

"ஐயரே, நான் ஒரு நட போயி படக் கம்பெனி மேனேஜர் ஜவஹர கண்டுக்கினு வர்ட்டா? நானே பேசறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்."

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அதற்கு முந்தின சனிக்கிழமை பாண்டி பஜாரில் வேம்பு அதே ஜவஹரைப் பார்த்திருந்தான். டைரக்டர் இரண்டு மனசாக இருக்கிறார், அந்த ஆளையே பேச வைக்கலாமா, உங்களைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறார் சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஜவஹர் சொல்லியிருந்தான். ஆக, விஷயம் தராசில் நிற்கிறது என்று வேம்புவுக்குத் தெரியும். ஒரு ஆள் போய் நின்றால் எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியும், அது தெரியாதவனுக்கு ஊர் ஏன் போன் பண்ணுகிறது?

வேம்பு தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கூப்பிடாம போகாதே, ரகு" என்றான். "எல்லாருக்கும் என்ன சொல்றேனோ அதுதான் உனக்கும். போய் நின்னா உன் மேல நம்பிக்கை இல்லாம நீயே வந்திருக்கேன்னு நெனச்சுப்பா. பேசாம இரு. தேவைன்னா கூப்பிடுவா."

ரகுபதி தலையை ஆட்டினான். பதினெட்டு வருஷத்தில் வேம்பு சொன்னதை அவன் தட்டினதே இல்லை. அன்றும் தட்டவில்லை. தேவானையிடமும் சொல்லிவைத்தான், வீட்டுப் பக்கத்து மளிகைக் கடையில் போன் இருக்கிறது, எந்நேரமும் வரும் என்று. பத்து நாள் அவள் கடைக்குப் பக்கத்திலேயே காய் நறுக்கினாள்.

பதினோராம் நாள் காலையில் வேம்புவின் வீட்டில் போன் அடித்தது. ஜவஹர்தான். ஜட்ஜ் கேரக்டர் ஒன்று சார், நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்றான். முகம் யார் என்று அவனும் சொல்லவில்லை, வேம்புவும் கேட்கவில்லை. அதுதான் அவர்கள் மரியாதை.

போனை வைத்ததும் மனைவி ஸ்ரீலக்ஷ்மி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். "ஏன்னா, ஜட்ஜுன்னா அது ரகு பண்ணின வேஷம்தானே?"

"எனக்கு எப்படித் தெரியும்? முகம் யாருன்னு நாங்க கேக்கறதில்லை."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் போகாவிட்டால் இன்னொருத்தன் போகப் போகிறான், எவனோ பேசிக் கெடுப்பதற்கு நான் பேசினால் ரகுவுக்கு நல்லதுதானே என்று வேம்பு அன்று முழுக்கத் தனக்குத் தானே யோசனை சொல்லிக்கொண்டான். ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகின வாய், அதற்கு நியாயம் சொல்லவா தெரியாது?

டப்பிங் தியேட்டர் தி.நகரில், பனகல் பார்க்கைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டி ஓட்டுவார்கள். அதற்கு லூப் என்று பேர். வாய் சரியாக ஒட்டும் வரை அதே துண்டு சுற்றிச் சுற்றி வரும். இருட்டில் ரகுபதியின் முகம் சுவர் அளவுக்குத் தெரிந்தது. வேம்பு வாயைத் திறந்தான். எல்லா லூப்பும் முதல் தடவையிலேயே ஓகே. அந்தக் கடைசி வரி, எச்சில் விழுங்குகிற இடம், மேஜையைப் பார்த்துச் சொல்கிற இடம், அதுவும் முதல் தடவையே. எப்படி சார் இவ்வளவு கரெக்டா ஒட்டுது என்று சவுண்ட் இஞ்சினியர் அதிசயப்பட்டான். வேம்பு பழக்கம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

படம் வெளியான முதல் ஞாயிற்றுக்கிழமை, அடையாறு பக்கத்துத் தியேட்டரில் ரகுபதி பகல் காட்சிக்கு இருபத்திரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். தேவானை, அவள் தம்பிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கூட. வேம்புவையும் ஸ்ரீலக்ஷ்மியையும் வீட்டுக்கே வந்து அழைத்துப் போனான். டப்பிங்குக்குக் கூப்பிடவில்லையே என்று அவனிடம் கேட்டவர்களுக்கு, செட்டில் பேசினதையே வைத்துக்கொண்டார்களாம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படித்தான் அவன் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். வராமல் இருந்துவிடலாம் என்று வேம்பு எவ்வளவோ பார்த்தான். ஸ்ரீலக்ஷ்மி புடவை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்கோ, போய்க் கேட்டுட்டு வரலாம்" என்றாள். பார்த்துவிட்டு என்று அவள் சொல்லவில்லை.

ரகுபதியின் பக்கத்து நாற்காலியில்தான் வேம்புவை உட்கார வைத்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. ரகுபதி திரையில் நிமிர்ந்து வாயைத் திறந்தான். வேம்புவின் குரல் தியேட்டரை நிறைத்தது. ஜனம் கை தட்டியது, விசில் அடித்தது. தேவானையின் தம்பிகள் எழுந்து நின்று கத்தினார்கள். தேவானை மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "அவுரு கொரலு மேரியே இல்லயே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரகுபதி திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடியே, வேம்புவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"நல்லாத்தான் பேசிக்கீற, ஐயரே."

வேம்புவும் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"கூப்ட்டாங்களா உன்ன?"

"கூப்பிட்டா, ரகு."

"அப்ப சரி. கூப்ட்டாத்தான் போவணும்."

அதற்கப்புறம் அவன் வேம்புவோடு பேசவில்லை. ஆபீஸில் பைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவான். மத்தியானம் வேறு பக்கம் உட்கார்ந்தான். நாடகக் குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

படம் நூறு நாள் ஓடியது. கலெக்டர், டாக்டர், மில் முதலாளி, மறுபடியும் ஜட்ஜ் என்று ரகுபதிக்கு வேஷம் வந்துகொண்டே இருந்தது. வருகிற ஒவ்வொரு கம்பெனியும் அந்தக் குரலையே போடுங்கள் என்றது. ஆக, ரகுபதி எங்கே நடித்தாலும் பத்து நாள் கழித்து வேம்புவுக்குப் போன் வரும். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. ரகுபதி எந்த எழுத்துக்கு உதட்டை எப்படிக் குவிப்பான், கோபத்தில் எந்தப் பல் முதலில் தெரியும் என்பதெல்லாம் தேவானையைவிட வேம்புவுக்கு நன்றாகத் தெரிந்தது. நேரில் பார்த்தால் மட்டும் இரண்டு பேரும் எதிரெதிர் நடைபாதையில் போவார்கள்.

ரகுபதி வேம்புவிடம் கேட்காமலே ஆபீஸ் வேலையை விட்டான், கொட்டிவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போனான். நன்றாகத்தான் இருந்தான் என்று ஊர் சொன்னது. ஆனால் விழா மேடையில் அவனுக்கு மைக் கொடுக்க மாட்டார்கள். வெளியே பேசினால் குட்டு உடைந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். டி.வி. பேட்டி இரண்டு தடவை ஏற்பாடாகி நின்றுபோயிற்று. மேடையில் கையைக் கூப்பி நின்றுவிட்டு இறங்குவான். எவ்வளவு அடக்கம் பார் என்று ஜனம் மெச்சிக்கொண்டது. வேம்பு அதைப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தான். வருத்தப்பட்டானா என்றால் பட்டான். ஆனாலும் தான் சொன்னது எல்லாருக்கும் சொல்கிற யோசனைதானே என்ற பிடியை மட்டும் அவன் விடவில்லை. அதை விட்டால் நிற்க வேறு இடம் இல்லை.

தொண்ணூற்று ஏழில் அந்த டைரக்டர், இப்போது பெரிய டைரக்டர், வேம்புவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். குரலுக்கு இல்லை, முகத்துக்கு. கோர்ட் டவாலி வேஷம். முப்பது வருஷமாகக் கோர்ட் வாசலில் நின்று கேஸ்காரர்களின் பேரைக் கூவிக் கூப்பிட்ட டவாலி, ஓய்வு பெறுகிற அன்று ஜட்ஜின் முன்னால் நின்று முதல் தடவையாகத் தனக்காகப் பேசுகிறான். ஒன்றரைப் பக்கம். உங்க முகத்துக்காகவே எழுதினது சார் என்றார் டைரக்டர். ஜட்ஜ் வேஷம் வழக்கம்போல ரகுபதி.

வேம்பு வீட்டுக்கு வந்து ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னபோது குழந்தை மாதிரி சிரித்தான். கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தான். ஊருக்குச் சொன்ன யோசனையையெல்லாம் தானும் கடைப்பிடித்தான். எத்தனாவது ரீல் என்று கேட்டான். படம் முடிகிற வரைக்கும் முடி வெட்டிக்கொள்ளாமல் காத்தான். சாப்பாட்டில் அசிஸ்டென்ட் டைரக்டர்கள் வரிசையில் பார்த்து உட்கார்ந்தான். ஷூட்டிங்கில் ரகுபதி உயர்ந்த நாற்காலியில் இருந்தான், வேம்பு கீழே வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டையுமாக நின்றான். கேமரா ஓடாதபோது இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஓடியபோது வேம்பு பேசினான். "ஐயா, முப்பது வருஷமா ஊர்ல எல்லார் பேரையும் கூப்பிட்டேன். என் பேரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை." முடித்ததும் டைரக்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

டப்பிங்குக்கு முந்தின வாரம் ஜவஹர் போன் பண்ணினான். ஜட்ஜுக்கு வழக்கம்போல நீங்கதான் சார், வியாழக்கிழமை காலையில் என்றான். டவாலிக்கு எப்போது என்று வேம்பு கேட்டான். ஜவஹர் கொஞ்சம் மென்று விழுங்கினான்.

"டவாலிக்கு வேற ஆளைப் போடறோம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே சீன்ல ஜட்ஜும் டவாலியும் ஒரே குரல்ல பேசினா ஜனம் சிரிச்சிடும். உங்க குரல் இப்ப ரகுபதி சார் குரல் ஆயிடுச்சு. அதை மாத்த முடியாது."

வேம்பு போனை வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தான். ஸ்ரீலக்ஷ்மி வந்து வாங்கி வைத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேளு கேளுன்னு ஊருக்கெல்லாம் சொல்வேளே, குரல் யாருன்னு நீங்க கேக்கலையா?" என்றாள். கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் அடுத்தவன் வாய்க்குள் புகுந்து பேசினவனுக்கு, தன் வாய்க்குள் இன்னொருத்தன் புகுவான் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டிய ஒரே ஆள் அவன்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை, பிடிவாதமாக அழவும் இல்லை.

ஜட்ஜுக்குப் பேச மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். சொன்னால் அந்தக் குரலைப் போலவே பேச நாலு பேர் காத்திருந்தார்கள். டைரக்டரை நேரில் போய்ப் பார்த்து, எனக்கு நானே பேசுகிறேன், ஜட்ஜுக்கு வேண்டுமானால் வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்கலாமா என்றும் நினைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு லஸ் முனை வரைக்கும் போனான். கூப்பிடாமல் போவதா என்று பஸ் ஸ்டாப்பில் அரைமணி நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அதே சந்து, அதே தியேட்டர். உள்ளே பெஞ்சில் ரகுபதி உட்கார்ந்திருந்தான். டிபன் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் அந்தத் தியேட்டருக்குள் காலே வைத்ததில்லை.

"வா ஐயரே. நாஷ்டா ஆச்சா?" என்றான், நேற்றுத்தான் பேசினவன் மாதிரி.

"நீ எங்கே இங்கே?"

"டவாலிக்குக் கொரல் குடுக்க வந்துக்கிறேன். உனுக்குத்தான்."

வேம்பு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். இஞ்சினியர் உள்ளே வரச் சொன்னான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக்தான். விளக்கு அணைந்தது.

திரையில் வேம்புவின் முகம் வந்தது. சுவர் அளவுக்குத் தன் முகத்தைப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. அந்த 'நாளைக்கு வாங்க' முகம் கண் கலங்கி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற ரகுபதி பேசினான். "ஐயா, முப்பது வருசமா ஊர்ல அல்லார் பேரயும் கூப்ட்டேன். எம் பேர ஒர்த்தரும் கூப்ட்டதில்ல."

கரகரப்பான, அடிபட்ட, கடற்காற்றில் காய்ந்த குரல். திரையில் யாரும் கேட்டிராத குரல். 'எம் பேர' என்கிற இடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, மெதுவாக முடித்தான். வேம்பு ஷூட்டிங்கில் அப்படித்தான் பண்ணியிருந்தான், அதை யாரிடமிருந்து எடுத்தான் என்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. தான் பேசியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதும் கூடவே தெரிந்தது. அது எல்லாவற்றையும்விட வலித்தது. இஞ்சினியர் ஓகே என்றான், முதல் தடவையிலேயே.

லூப் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள். வேம்பு மெதுவாகக் கேட்டான், ஜவஹர் கூப்பிட்டாரா என்று.

"யாரும் கூப்டல ஐயரே. டவாலிக்கு ஆள் தேடிக்கினு கீறாங்கன்னு கேள்விப்பட்டேன். நேரா டைரக்டர் வூட்டுக்கே போயி, நான் பேசறேன் சார்னேன். ஒரு தபா பேசிக் காட்டுன்னாரு. காட்னேன். சரின்னுட்டாரு. காப்பி ஆறங்காட்டியும் முடிஞ்சி பூட்ச்சு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வேம்புவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்பால நானே கேட்டேன் அவர. அன்னிக்கு அந்த ஜட்ஜு வசனத்துக்கு ஏன் சார் என்ன கூப்டலன்னு. அதுக்கு இன்னா சொன்னாரு தெர்யுமா? உன்னத்தான்யா நெனச்சிக்கினு இருந்தேன், பத்து நாள் பார்த்தேன், நீ வந்து ஒரு வார்த்த கேக்கல, உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிட்டேன்னாரு."

விளக்கு மறுபடி அணைந்தது. அடுத்தது ஜட்ஜின் லூப். ரகுபதி மைக்கை விட்டு விலகி இடம் கொடுத்தான். திரையில் அவனுடைய முகம் வந்து வேம்புவைக் குனிந்து பார்த்து, வாயைத் திறந்தது. வேம்பு மூச்சை இழுத்தான். குரல் வரவில்லை. லூப் சுற்றி வந்தது, ரகுபதி மறுபடி வாயைத் திறந்தான், மறுபடியும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இஞ்சினியர், "இன்னொரு தடவை போகலாமா சார்?" என்று கேட்டான். பதின்மூன்று வருஷத்தில் வேம்புவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.